பதினைந்தாயிரத்து எழுநூறு அடியில் ஒரு வீடு

இங்கே சொல்லியிருப்பதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. சூடத்தைக் கொளுத்தி வையுங்கள், அணைத்துச் சத்தியம் செய்கிறேன். சூடச் செலவு மட்டும் உங்களுடையது.

செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு, ஓய்வுபெற்ற ஹவில்தார் தேசிங்கின் வீடு கடல் மட்டத்திலிருந்து பதினைந்தாயிரத்து எழுநூறு அடி உயரத்தில் இருந்தது.

வீடு இடம் மாறவில்லை. வேலூருக்கு மேற்கே கருங்காலிப்பட்டு, பஜனைக் கோயில் தெரு, நான்காம் நம்பர். அங்கேதான் இருந்தது. தெரு எப்போதும்போல எழுநூறு அடியில் கிடந்தது. தெருவிலிருந்து வாசலுக்கு இரண்டு படிகள். கீழ்ப்படியில் நின்றால் அக்னி நட்சத்திர வெயில் உச்சந்தலையைப் பிளந்தது. நிலையைத் தாண்டினால் மூக்கு நுனி மரத்துப்போனது.

தேசிங்குக்கு இது புதிதல்ல. பதினேழு வருட சர்வீஸில் கடைசி மூன்று வருடம் அவர் அந்த உயரத்தில்தான் இருந்தார். எழுந்ததும் காதுகளைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். டிரங்குப் பெட்டியிலிருந்து கம்பளித் தொப்பியை எடுத்து மாட்டினார். பிறகு அடுக்களை ஜன்னலைத் திறந்தார்.

வழக்கமாக அங்கே பக்கத்து வீட்டு முருங்கை மரம் தெரியும். இன்று ஒரு பனி முகடு தெரிந்தது. முகட்டில் கல் அடுக்கிய காவல் கூண்டு. கூண்டின் முன்னால் ஒருவன் நின்று இவரையே பார்த்துக்கொண்டிருந்தான். தலை நரைத்திருந்தது. மற்றபடி அந்த மூன்று வருடமும் எதிரே நின்ற அதே ஆள்தான்.

இவனுக்கும் வயசாகிவிட்டதே என்று தேசிங்கு நினைத்துக்கொண்டார்.

பால் வாங்கப் போயிருந்த அவர் மனைவி கன்னியம்மாள் திரும்பி வந்தாள். நிலையைத் தாண்டி ஒரு காலை வைத்தாள். மூச்சு முட்டியது. காலை எடுத்துக்கொண்டாள்.

"இன்னாங்க இது?"

"உயரம்."

"யாரு கொண்ணாந்தாங்க?"

கதவிடுக்கில் ஒரு பழுப்பு உறை செருகியிருந்தது. ஊதிய நியாய அலுவலகம் அனுப்பியது. படைவீரர்களுக்குக் கொடுத்த சம்பளம் நியாயமானதுதானா என்று அங்கே ஒவ்வொருவராக எடுத்துப் பார்த்து வருகிறார்கள். அகர வரிசைப்படி போகிறார்கள். இப்போதுதான் தேசிங்கிடம் வந்திருக்கிறார்கள்.

கடிதத்தில் கண்டது இது. ஹவில்தார் தேசிங்கு முகட்டுக்கு ஏறியதற்கு உத்தரவு இருக்கிறது. இறங்கியதற்கு இல்லை. ஆகவே சென்ற முப்பத்தொரு வருடங்களாக அவர் அங்கேயேதான் இருக்கிறார். உயரத்துக்கான அலவன்ஸை அவருக்குக் கொடுக்காமல் விட்டது அநியாயம். அலுவலகம் வருந்துகிறது. அரியர்ஸ் மொத்தமும் வழங்கப்படும். தொகையை எழுத்தால் எழுதியிருந்தார்கள். ஒன்றரை வரி வந்தது. அவர் உயரத்தில் இருப்பதை அதிகாரி ஒருவர் நேரில் வந்து சரிபார்ப்பார். அவருடைய வசதிக்காக வீடு உயர்த்தப்பட்டுள்ளது.

"அப்போ நீங்க வரவே இல்லன்றாங்களா?" என்றாள் கன்னியம்மாள்.

"பேப்பர்ல வரல."

"வூட்டுல?"

"வூட்டுக்கு வந்தத யாரும் எழுதல."

உள்ளே பருப்பு வேகவில்லை. அந்த உயரத்தில் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும், பண்டம் வேகாது. கன்னியம்மாள் அடுப்பைத் தெருவுக்கு எடுத்துவரச் சொன்னாள். தேசிங்கு நிலைவரை கொண்டுவந்து வைத்தார். அதைத் தாண்டி வரவில்லை. காவலுக்கு நிற்பவன் மாற்று ஆள் வராமல் இடத்தை விட்டு நகரக்கூடாது. பழக்கம் காலைப் பிடித்துக்கொண்டது.

அன்று முதல் அவள் தெருவில் சமைத்தாள். தட்டை நிலைக்கு அப்பால் தள்ளினாள். இரவில் தூங்க எதிர்வீட்டு லைன்மேன் துரைக்கண்ணுவின் வீட்டுக்குப் போனாள்.

தெருவில் யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. பாதிப் பேர் இட்லி மாவைத் தூக்கிக்கொண்டு வந்து தேசிங்கிடம் கொடுத்து உள்ளே வைக்கச் சொன்னார்கள். மாவு பத்து நாளானாலும் புளிக்கவில்லை.

துரைக்கண்ணு தண்ணீர் பாட்டிலோடு வந்தார். கடிதத்தை வாங்கிப் படித்தார். தொகை வந்த இடத்தில் நடுவில் ஒருமுறை மூச்சு விட்டுக்கொண்டார்.

"மிலிட்ரிண்ணே, நானும் ஏர்றேன். கம்பத்துல. முப்பது அடி. எனக்கு எவ்ளோ வரும்?"

"நீ ஏறினா எறங்கிடறியே."

"எறங்காம இருந்தா குடுப்பாங்களா?"

"அப்படித்தான் எழுதிக்கிறாங்க."

துரைக்கண்ணு பாட்டிலை எடுத்துக்கொண்டு நேராகத் தெருமுனைக் கம்பத்துக்குப் போனார். ஏறினார். இறங்கவில்லை. அதற்குப் பிறகு அவரோடு பேச வேண்டியவர்கள் அண்ணாந்துதான் பேசினார்கள்.

வியாழக்கிழமை அதிகாரி வந்தார். பெயர் பிலவேந்திரன். ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே பஞ்சு வைத்த கோட்டும் பனிக்கண்ணாடியும் போட்டிருந்தார். தோளில் கயிறு. வியர்வை கோட்டின் கையிலிருந்து சொட்டியது. வந்தவர் கீழ்ப்படியில் உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்த்தார்.

"உள்ள வாங்க சார், ரெண்டு படிதான்" என்றார் தேசிங்கு.

"பதினஞ்சாயிரம் அடி சார். ஒரேயடியா ஏறினா நுரையீரல்ல நீர் கோத்துக்கும். இந்தப் படியில ஆறு நாள், அடுத்த படியில நாலு நாள், நிலையில நாலு நாள். அப்புறம்தான் உள்ள."

தேசிங்கு மறுத்துப் பேசவில்லை. அவசரமாக ஏறிவிட்ட ஒரு பஞ்சாபிப் பையனை அவர் முதுகில் சுமந்து இறங்கியிருக்கிறார். பாதி வழிவரை அவன் தன் ஊர்க் கரும்பைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தான். மீதி வழி சுமை மட்டும்தான் இருந்தது.

பிலவேந்திரன் ஆறு நாள் கீழ்ப்படியில் இருந்தார். கன்னியம்மாள் மூன்று வேளையும் அவருக்குச் சோறு போட்டாள். போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்தாள். அவர் கேட்பதும் இவர் சொல்வதும் அவளைத் தாண்டிப் போய் வந்தன.

"மேலே உங்க வேலை என்ன சார்?"

"பாத்துகினு இருந்தேன்."

"எதை?"

"எதிர்ல ஒருத்தன் பாத்துகினு இருந்தான். அவன."

"அவன் எதைப் பாத்தான்?"

"என்ன."

பிலவேந்திரன் எழுதிக்கொண்டார்.

"மூணு வருஷத்துல என்ன நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கல."

"நீங்க தடுத்ததால நடக்கலையா, இல்ல அதுவாவே நடக்கலையா?"

தேசிங்கு நிலையில் சாய்ந்துகொண்டு யோசித்தார். இதுவரை அவரிடம் இதை யாரும் கேட்டதில்லை. அவரும் கேட்டுக்கொண்டதில்லை.

"தெரியலயே சார். நா அங்க இல்லாம இருந்து பாத்திருந்தாதான் தெரியும்."

"எங்க ஆபீஸ்ல இதுதான் தகராறு. நடந்ததுக்குப் பட்டியல் இருக்கு. கை போனா இவ்வளவு, கண்ணு போனா இவ்வளவு. நடக்காததுக்குத்தான் என்ன விலை வைக்கிறதுன்னு பன்னெண்டு வருஷமா மீட்டிங் நடக்குது."

"வெரலுக்கு?"

"எத்தனை?"

தேசிங்கு இடது காலை நிலைமேல் தூக்கி வைத்துக் காட்டினார். பனி கடித்ததில் இரண்டு விரல் போயிருந்தது.

"இதுக்கு அப்பவே குடுத்திருப்பாங்களே?"

"குடுத்தாங்க. ஒரு ஜோடி சாக்ஸ்."

பிலவேந்திரன் அதையும் எழுதிக்கொண்டார். அளவு கேட்டார். ஒன்பது என்றார் தேசிங்கு.

"எதிர்ல இருந்தவருக்கு என்ன சம்பளம்?"

"கேக்கல."

"மூணு வருஷம் மூஞ்சியப் பாத்துட்டு இருந்திருக்கீங்க."

"கேக்கச் சொல்லி உத்தரவு வரல."

"அது தெரியாம உங்களுக்குக் குடுத்தது நியாயமான்னு நான் எப்படி சார் சொல்றது? ஒரே உயரம். ஒரே குளிர். வேலையும் ஒண்ணு. அவருக்கு ஜாஸ்தியா, கம்மியா?"

படிவத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டார். தேசிங்குக்கு அந்தக் காலிக் கட்டம் பல்லிடுக்கில் மாட்டிய நாராக உறுத்தியது. அடுக்களைக்குப் போய் ஜன்னல் வழியாகப் பார்த்தார். எதிரே இருந்தவன் சட்டைப் பித்தானைத் தைத்துக்கொண்டிருந்தான். பித்தான் வாங்கக்கூடவா கொடுக்க மாட்டார்கள்? இல்லை, இவ்வளவு வாங்கியும் கஞ்சனா? தேசிங்கு வாயைத் திறந்தார். உத்தரவு இல்லை. மூடிக்கொண்டார்.

ஏழாம் நாள் பிலவேந்திரன் மேல்படிக்கு ஏறினார். கன்னியம்மாளும் கீரை முறத்தோடு மேல்படிக்கு மாறினாள்.

"இறங்கும்போது பொறுப்பை யார்கிட்ட ஒப்படைச்சீங்க?"

தேசிங்கு கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"மாத்து ஆளு கீழ பனியில மாட்டிகினான் சார். ஹெலிகாப்டரு ரெண்டு நிமிஷம்தான் நிக்கும். வுட்டா அடுத்த மாசம். ஒப்படைக்காம வர முடியாது. அதனால ஒப்படைச்சிட்டேன்."

"யார்கிட்ட?"

"அங்க ஒரு ஜெரிகேன் இருந்துச்சு."

"மண்ணெண்ணெய் ஊத்துற டப்பாவா?"

"ஆமா சார். முறையா சல்யூட் அடிச்சு ஒப்படைச்சேன். பைனாகுலர் ஒண்ணு. அடுப்பு ஒண்ணு. எதிரி ஒருத்தர். எல்லாம் சரியா இருக்குன்னேன். அது ஒண்ணும் சொல்லல."

பிலவேந்திரன் ஆள் பட்டியலைப் பிரித்து விரலால் தடவிக்கொண்டே போனார்.

"ஜெரிகேன் பேர்ல யாரும் இல்ல சார். ஒப்படைச்சது செல்லாது."

"நல்லா கெட்டியான ஜெரிகேன் சார்."

"இருக்கலாம். நம்பர் இல்லையே."

பதினோராம் நாள் பிலவேந்திரனும் கன்னியம்மாளும் நிலைக்கு வந்தார்கள். பிலவேந்திரன் படிவத்தை விரித்து வைத்தார். கையெழுத்துப் போட இரண்டு இடம் இருந்தது. வலதுபக்கம் போட்டால் தேசிங்கு மேலே இருக்கிறார். ஒன்றரை வரியும் வரும், மாதா மாதம் அலவன்ஸும் வரும், வீடு இந்த உயரத்திலேயே இருக்கும். இடதுபக்கம் போட்டால் முப்பத்தொரு வருடத்துக்கு முன்பே ஒப்படைக்காமல் ஓடிவந்தவர். வீடு கீழே வரும், காசு வராது. நான்கு நாள் அவகாசம்.

கன்னியம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"இந்தாங்க சார். பதினேழு வருஷம் இந்தத் தெருவுல தனியா இருந்தேன். தந்திக்காரன் சைக்கிள் மணி கேட்டா எழுந்து நின்னுடுவேன். அவன் தாண்டிப் போற வரைக்கும் மூச்சு வுடமாட்டேன். அப்புறம் இவரு வந்தாரு. முப்பத்தோரு வருஷம் சோறு ஆக்கிப் போட்டேன். இப்ப வந்து, வரவேயில்லன்றீங்க. அப்போ நா யாருக்குய்யா சோறு போட்டேன்?"

பிலவேந்திரன் படிவத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"அதுக்கு இதுல எடம் இல்லம்மா."

"வலதுபக்கம் போட்டாருன்னா நா இந்த வூட்டுக்கு வரமாட்டேன். இன்னொரு தடவ என்னால கீழ நின்னுகினு அண்ணாந்து பாக்க முடியாது."

தேசிங்கு பேனாவைக் கையில் வைத்திருந்தார். பேனாவின் மை உறைந்திருந்தது. அதை வாயால் ஊதிச் சூடாக்கினார்.

"எனக்கு ரெண்டும் வேணும் கன்னிமா. துட்டும் வேணும், நீயும் வேணும். வாங்கவேண்டிய துட்டுதான?"

"ரெண்டும் ஒரே எடத்துல இல்லயே."

நான்கு நாள் பேனா சூடாவதும் உறைவதுமாக இருந்தது.

அவகாசம் முடிந்த காலையில் கன்னியம்மாள் எழுந்தாள். நிலையைத் தாண்டினாள். மூச்சு முட்டவில்லை. பிலவேந்திரன் விரல்விட்டு எண்ணினார். கீழ்ப்படியில் ஆறு நாள், மேல்படியில் நாலு நாள், நிலையில் நாலு நாள். கீரை ஆய்ந்துகொண்டே விதிமுறைப்படி ஏறியிருந்தாள்.

அவள் நேராக அடுக்களைக்குப் போய் ஜன்னல் வழியே பார்த்தாள்.

"இவனயா? மூணு வருஷம் இவனயா பாத்துகினு இருந்தீங்க?"

"அப்போ கொஞ்சம் எளசா இருந்தான்."

கன்னியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"சார், மாத்து ஆளு வந்தா இவரு எறங்கலாமில்ல? எழுதிக்குங்க. நாந்தான் மாத்து ஆளு."

பிலவேந்திரன் எழுதத் தொடங்கினார்.

"வயசு?"

"அறுவத்தி மூணு."

"முன் அனுபவம்?"

"பாத்துகினு இருந்திருக்கேன்."

"எத்தனை வருஷம்?"

"பதினேழு."

"போதும்" என்று முத்திரை குத்தினார்.

தேசிங்கு மனைவியின் கையைப் பிடித்தார். "நீ எதுக்கு? இன்னா தெரியும் உனக்கு அங்க?"

"அப்படி இன்னாதான் இருக்குது, இத வுட்டுட்டுப் போய் நின்னீங்களேன்னு எனக்கும் தெரிய வேணாமா? நீங்களும் கீழ இருந்து பாருங்க."

ஒப்படைப்பு முறையாக நடந்தது. தேசிங்கு விறைத்து நின்றார்.

"பைனாகுலர் ஒண்ணு. அடுப்பு ஒண்ணு. எதிரி ஒருத்தர்."

"அடுப்பு தெருவுல கெடக்குது. எடுத்தாந்து குடுத்துட்டுச் சொல்லுங்க."

எடுத்துவந்து கொடுத்தார். அவள் ஜன்னல் வழியாக எதிரியை எண்ணிப் பார்த்துக்கொண்டு, "சரியா இருக்கு" என்றாள். தேசிங்கு சல்யூட் அடித்துவிட்டு இரண்டு படி இறங்கித் தெருவுக்கு வந்தார். வெயில் சுட்டது. கம்பளித் தொப்பியைக் கழற்றினார்.

முறையான மாற்று ஆளிடம் இன்றுதான் ஒப்படைத்தார் என்பதால் இன்றுவரை மேலேதான் இருந்தார் என்றாகியது. ஆகவே ஒன்றரை வரியும் அவருக்கு வந்தது. வங்கியில் அதை அச்சடிக்கப் பாஸ்புத்தகத்தைத் திருப்பிப் போட வேண்டியிருந்தது. பிலவேந்திரன் கைகுலுக்கினார். நியாயம் கிடைத்த முதல் ஆள் நீங்கள்தான் என்றார். கோட்டைக் கழற்றாமலே ஷேர் ஆட்டோவில் ஏறிப் போனார்.

வீடு இப்போது காவல் கூண்டு; அதற்குள் வெளியார் போகக்கூடாது. தேசிங்கு பஜனைக் கோயிலில் படுத்துக்கொண்டார். காலையில் எழுந்து வீட்டைப் பார்ப்பார். மத்தியானம் பார்ப்பார். தெருவில் சைக்கிள் மணி கேட்டால் எழுந்து நிற்பார். ஏன் எழுந்தோம் என்று தெரியாமல் உட்காருவார்.

பதினோரு நாள் கழித்துக் கன்னியம்மாளின் கடிதம் வந்தது. இரண்டு படி தூரத்திலிருந்து டில்லி வழியாக வந்திருந்தது. தணிக்கை முத்திரை போட்டிருந்தார்கள்.

"நான் நல்லா இருக்கேன். பாதம் சில்லுன்னு கீது. சாக்ஸ் அனுப்பவும். வந்த அன்னிக்கே எதிர்ல இருக்கறவர கூப்பிட்டு, யோவ், உனக்கு எவ்ளோ குடுக்கறாங்கன்னு கேட்டேன். வெக்கப்படாம சொன்னாரு. மாசம்"

அதற்கு மேல் கறுப்பு மை பூசியிருந்தது. பிறகு, "நமக்குக் குடுத்தத வுட" என்று இருந்தது. மறுபடி கறுப்பு. பிறகு, "இத நீங்க ஒரு தடவ கேட்டிருந்தீங்கன்னா" என்று இருந்தது. அதன்பின் அரைப் பக்கம் முழுக்கக் கறுப்பு. அடியில், "மாத்திரய வேளைக்குப் போடவும்" என்று இருந்தது.

தேசிங்கு கடிதத்தை வெயிலில் பிடித்துப் பார்த்தார். எலுமிச்சம்பழச் சாறு தடவிப் பார்த்தார். கம்பத்தடிக்குப் போய்க் கயிற்றில் கட்டி மேலே அனுப்பினார். துரைக்கண்ணு திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்ல மை அண்ணே" என்று மட்டும் சொன்னார்.

ஊதிய நியாய அலுவலகத்துக்கு எழுதினார். இரண்டு கேள்விகள். எதிரே இருப்பவரின் சம்பளம் எவ்வளவு? கீழே காத்திருப்பவருக்கு என்ன அலவன்ஸ்?

பதில் உடனே வந்தது. முதல் கேள்வி ரகசியம். இரண்டாவதற்கு விகிதம் இதுவரை நிர்ணயிக்கப்படவில்லை. விண்ணப்பத்தை ஒன்பதாயிரம் அடிக்கு மேற்பட்ட இடத்திலிருந்து அனுப்பினால் பரிசீலிக்கப்படும்.

அன்று சாயங்காலமே தேசிங்கு புதிதாக வாங்கிய சாக்ஸ் ஒரு ஜோடியை மடியில் வைத்துக்கொண்டு, தம் வீட்டுக் கீழ்ப்படியில் போய் உட்கார்ந்தார்.

"தம்! நில்லு! யாரு அது?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. காவல்காரக் குரல்.

"நாந்தான்."

"நாந்தான்னா?"

தேசிங்கு நம்பரைச் சொல்லலாமா, பதவியைச் சொல்லலாமா என்று யோசித்தார்.

"கன்னியம்மா வூட்டுக்காரரு."

உள்ளே பைனாகுலரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு. அவன் எவ்ளோ சொன்னான்?"

"டியூட்டில பேசக்கூடாது. ஏறி வாங்க, காதுல சொல்றேன்."

மூன்று நாளாயிற்று. தேசிங்கு கீழ்ப்படியில்தான் இருக்கிறார். வெயில் சுட்டால் சாக்ஸைத் தலைமேல் போட்டுக்கொள்கிறார்.

"எங்கண்ணே பயணம்?" என்று கம்பத்திலிருந்து துரைக்கண்ணு கேட்டார்.

"வூட்டுக்கு."

"எப்போ போய்ச் சேருவீங்க?"

"இன்னும் பதினோரு நாளு."

ஒரு விவரம் விட்டுப்போயிற்று. நாற்பத்தெட்டு வருடத்துக்கு முன்பு ஆள்சேர்ப்பு நடந்த அன்று, மார்பளவு அரை அங்குலம் குறைகிறது என்று சொல்லித் தேசிங்கை மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் ராணுவத்தில் ஒரு நாள்கூட இருந்ததில்லை. இதற்கும் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்கிறேன்.